அறுபது ஆம்பியர் வீடு

நோபுயோ: மீன்காரன் கூடவா?

கசுமி: மீன்காரர் இல்லம்மா. மீன் விக்கற அந்த சூப்பர் மார்க்கெட். அவங்களும் இப்ப கரண்ட் விக்கறாங்க.

நோபுயோ: அப்ப கரண்ட்ல மீன் வாடை அடிக்குமா?

கசுமி: அம்மா...

நோபுயோ: தெரியல, கேட்டேன். கால நல்லா உள்ள விடு. அடியில சூடு வர்ற மேசைய வெச்சுக்கிட்டு வெளிய கால நீட்டி உக்காந்திருக்கே பாரு. போர்வைய இழுத்து மடி மேல போட்டுக்கோ.

கசுமி: உள்ள ரொம்ப சூடா இருக்கு. கொஞ்சம் கொறைக்கட்டுமா?

நோபுயோ: இருக்கட்டும். ஸ்டேஷன்லேர்ந்து இந்தப் பனியில நடந்து வந்தவ...

கசுமி: நடக்கலயே. டாக்சியில வந்தேன்.

நோபுயோ: ஐயோ. அந்த டாக்சிக்காரன் இந்நேரம் யோக்கோத்தே ஊர் பூரா சொல்லியிருப்பான். 'தொகாஷி வீட்டுக்கு மருமக வந்திருக்கா. புருஷன் நவோகி செத்தும் மாமியார விடல, தங்கமான பொண்ணு'ன்னு.

கசுமி: அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்.

நோபுயோ: சொல்லுவான். அவன் மருமக பக்கத்துத் தெருவுல இருக்கா. புதுவருஷத்துக்குக்கூட எட்டிப் பாக்கல. உன்னைப் பாத்தா அவனுக்கு வயிறு எரியும்.

கசுமி: சரி, இதைப் பாருங்க. இப்ப இருக்கற கம்பெனி இந்த மாசக் கடைசியோட வீடுகளுக்குக் கரண்ட் தர்றத நிறுத்தறாங்க. அதுக்குள்ள வேற கம்பெனி பாக்கணும். பாக்கலன்னா நோட்டீஸ் குடுத்துட்டு கட் பண்ணிடுவாங்க. நீங்கதானே போன்ல பயந்துபோய்ச் சொன்னீங்க, 'நான் இருட்டுல உக்காரப் போறேன், வந்து ஒரு கம்பெனி பாத்துக் குடு'ன்னு.

நோபுயோ: பயப்படல. சொன்னேன்.

கசுமி: அழற மாதிரி இருந்துது.

நோபுயோ: சளி.

கசுமி: சளியா?

நோபுயோ: சளிதான். நீ கொண்டுவந்த சக்கரைவள்ளி கேக்க நவோகி படத்துக்கு முன்னாடி வெச்சியா?

கசுமி: வந்ததும் வெச்சேன். மணியும் அடிச்சேன். நீங்க அடுப்படியில இருந்தீங்க.

நோபுயோ: கேக்கல. காது மந்தமாயிடுச்சு. சரி, படி. என்னென்ன கேக்குது அந்த டேப்லெட் பலகை?

கசுமி: முதல்ல ஊர். போட்டாச்சு. அடுத்து... வீட்ல எத்தனை பேர்?

நோபுயோ: ரெண்டு மூணுன்னு போடு.

கசுமி: அம்மா, ஒண்ணு.

நோபுயோ: ரெண்டு மூணுன்னு ஒரு கட்டம் இருக்குமே?

கசுமி: இருக்கு. ஆனா இருக்கறதத்தானே போடணும். அப்பதான் எந்தப் பிளான் லாபம்னு சரியா காட்டும்.

நோபுயோ: ஒண்ணுன்னு போட்டா என்ன காட்டுது?

கசுமி: இருங்க, இன்னும் கேள்வி இருக்கு. எத்தனை ஆம்பியர்னு கேக்குது. கதவுக்கு மேல இருக்கற ப்ரேக்கர் பெட்டியில போட்டிருக்கும்.

நோபுயோ: அறுபது.

கசுமி: அறுபதா! எதுக்கு? எங்க... என் வீட்டுக்கே முப்பதுதான்.

நோபுயோ: நவோகி போட்டது. இந்த வீட்டைப் புதுசாக்கினப்ப அவனே உக்காந்து, பின்னாடி வாங்கப்போறதெல்லாம் சேத்துக் கணக்கு போட்டான். மாடியில உங்களுக்கு ஏசி, கீழ எனக்கு ஏசி, துணி காயப்போட ஒரு மெஷின், உனக்கு ஒரு மின்னடுப்பு, எனக்கு ஒரு மின்னடுப்பு...

கசுமி: ரெண்டு அடுப்பா?

நோபுயோ: நானும் அதான் கேட்டேன். 'ஒரே அடுப்புக்கு முன்னாடி மாமியாரும் மருமகளும் நின்னா கரண்டே வேண்டாம்மா, தானாப் பத்திக்கும்'னான்.

கசுமி: அவர் அப்படி சொன்னாரா?

நோபுயோ: அவன் வாய் உனக்குத் தெரியாதா?

கசுமி: தெரியும்... ஆனா நாங்க இங்க வந்து இருக்கப்போறோம்னு எப்ப சொன்னார்?

நோபுயோ: எப்பவும் சொல்லிட்டுதான் இருந்தான். நாப்பது வயசுல வந்துடுவோம்னு. உன்கிட்ட சொல்லலியா?

கசுமி: என்கிட்ட டோக்கியோ பக்கத்துல அடுக்குமாடி வீடு வாங்கலாம்னு சொன்னார். சைத்தாமாவுல ரெண்டு எடம் போய்ப் பாத்துட்டுக்கூட வந்தோம்.

நோபுயோ: கரண்ட் கம்பெனியத்தான் மாத்தி மாத்திப் பாப்பான்னு நெனச்சேன்.

கசுமி: சிரிக்காதீங்கம்மா.

நோபுயோ: நீதான் முதல்ல சிரிச்சே. அந்தப் படத்தப் பாரு, எப்படி முழிக்கறான். மாட்டிக்கிட்டான்.

கசுமி: ஞாபகம் இருக்கா, வசந்தம் வந்தா போதும், 'கரண்ட் கம்பெனி மாத்தற சீசன்'னு ஆரம்பிப்பார். ஞாயித்துக்கெழமை பூரா இப்படித்தான், பலகைய வெச்சுக்கிட்டு. நான் வெளிய போலாம்னு சொன்னா, 'இரு, இதுல வருஷத்துக்கு மூவாயிரம் யென் மிச்சம்'பார். சாயங்காலம் அந்த சந்தோஷத்துல என்னைக் கூட்டிட்டுப் போய் அஞ்சாயிரத்துக்கு விலாங்கு மீன் வாங்கித் தருவார்.

நோபுயோ: என்னைக் கூட்டிட்டுப் போனதே இல்ல.

கசுமி: அறுபதை இருபது ஆக்கிடலாம்மா. அடிப்படைக் கட்டணம் ஆம்பியரப் பொறுத்துத்தான். கரண்ட தொட்டாலும் தொடாட்டியும் மாசாமாசம் கட்டணும். வீட்டுக்கு சூடு மண்ணெண்ணெயில வருது. அடுப்பு சிலிண்டர்ல எரியுது. வேற என்ன ஓடுது? ஃப்ரிஜ், அரிசி குக்கர், இந்த மேசை, துணி மெஷின். இருபது தாராளம். குக்கரும் மைக்ரோவேவும் மட்டும் ஒரே நேரத்துல போடாதீங்க. ட்ரிப் ஆயிடும்.

நோபுயோ: ஒத்தை ஆளுக்கு எதுக்கு ஒரே நேரத்துல...

கசுமி: அதான் சொல்றேன்.

நோபுயோ: நீ வந்தா?

கசுமி: ம்?

நோபுயோ: நீ வந்தா போதுமா இருபது? நீ தலைய ஈரமா வெச்சுக்க மாட்டே. முடி காய வைக்கற மெஷின் போடுவே. அது ஒண்ணே பத்து ஆம்பியர் தின்னும்.

கசுமி: அப்ப... முப்பது போட்டுக்கலாம்.

நோபுயோ: முப்பதுன்னு போட்டா நீ வருவே?

கசுமி: அம்மா, இந்த ஆரஞ்சு நல்லா இனிக்குதே. எங்க வாங்கினது?

நோபுயோ: கூட்டுறவுக் கடை. முப்பதுன்னு போடு.

கசுமி: போடறேன். மாசம் எத்தனை யூனிட் ஆகுது?

நோபுயோ: போன மாசம் தொண்ணூறு சொச்சம்.

கசுமி: அவ்வளவுதானா? இந்தக் குளிர்லயா?

நோபுயோ: ஒரே ரூம்லதான் இருக்கேன். சாயங்காலம் லைட்ட அணைச்சிட்டு டிவி வெளிச்சத்துலயே உக்காந்துக்கறது. அதுல வர்றவன் மூஞ்சி நல்லாவே தெரியுது.

கசுமி: ஏம்மா அப்படி? கரண்ட் பில்லுக்கா?

நோபுயோ: பில்லுக்கில்ல. லைட்டப் போட்டா மத்த நாற்காலியெல்லாம் தெரியுது. என்ன காட்டுது? படி.

கசுமி: காட்டுது... ஆனா ஒண்ணும் பெருசா மிச்சம் வரல. முதல் நூத்தியிருபது யூனிட்டுக்கு எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய ஒரே ரேட்டுதான். சலுகையெல்லாம் அதுக்கு மேல, முன்னூறு தாண்டினவங்களுக்கு. நாலு பேர், அஞ்சு பேர் இருக்கற வீட்டுக்குத்தான் போட்டி போட்டுக் கொறைக்கறாங்க.

நோபுயோ: ஒத்தை ஆளுக்கு யாரும் பிளான் போடறதில்லயா?

கசுமி: போடறாங்க. 'தனிமனிதர் இலகு பிளான்'னு ஒண்ணு இருக்கு. காஸ் கம்பெனியோடது.

நோபுயோ: அது வேண்டாம். ரெண்டு வருஷம் கட்டிப்போடுவான். நடுவுல விட்டா அபராதம். அதோட அவன் குழாய் காஸ் எடுத்தாத்தான் அந்த ரேட்டு. என்கிட்ட சிலிண்டர்.

கசுமி: ஆமா, கீழ பொடி எழுத்துல போட்டிருக்கு... நீங்க எப்படிப் பாத்தீங்க அங்கேர்ந்து?

நோபுயோ: அடுத்ததப் படி.

கசுமி: செல்போன் கம்பெனி. கரண்ட் பில்லுக்குப் புள்ளி குடுக்கறாங்க. அந்தப் புள்ளிய வெச்சு...

நோபுயோ: அவன் புள்ளிய அவன் கடையிலதான் செலவு பண்ணணும். இங்க அவன் கடையே கிடையாது. அகித்தாவுக்குப் போகணும்.

கசுமி: அப்ப இது? சந்தை விலைப் பிளான். மணிக்கு மணி ரேட்டு மாறும். வெயில் அடிக்கற மத்தியானத்துல ரொம்பக் கொறைவு.

நோபுயோ: பனி கொட்டறப்ப ஏத்திடுவான். பனி கொட்டறப்பதானே எனக்கு வேணும்? 'மேடம், அந்த நேரத்துல மட்டும் கொஞ்சம் கம்மியா பயன்படுத்துங்க'ன்னா அவ. கம்பளிக்குள்ள கம்மியா நடுங்கச் சொல்றாளான்னு கேட்டேன். சிரிச்சிட்டா. நல்ல பொண்ணு.

கசுமி: அம்மா, எவ?

நோபுயோ: குரோகின்னு ஒரு பொண்ணு. அந்தக் கம்பெனியில போன் எடுக்கறவ. பனியே விழாத ஒக்கினாவாவுல உக்காந்து பேசறா. அன்னிக்கு அங்க ஜன்னலத் திறந்து வெச்சிருந்தா போல. பின்னாடி ஏதோ பறவை கத்துச்சு. இங்க கதவு பாதி வரைக்கும் பனி. நான் பறவையக் கேட்டுட்டு உக்காந்திருந்தேன். 'இன்னொரு தடவ அந்த ரேட்டெல்லாம் சொல்லும்மா'ன்னேன். முதல்லேர்ந்து சொன்னா.

கசுமி: நீங்க எல்லாக் கம்பெனிக்கும் போன் பண்ணியிருக்கீங்களா?

நோபுயோ: எல்லாம் இல்ல. இலவச நம்பர் இருக்கறவங்களுக்கு மட்டும்.

கசுமி: எத்தனை?

நோபுயோ: நீ அதுல எத்தனை வெச்சிருக்கே?

கசுமி: பதினாலு காட்டுது.

நோபுயோ: அதுல ரெண்டு பேர் எடுக்கவே மாட்டாங்க. மெஷின் பேசும். ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு. அதுக்கு நான் எங்க வீட்டு அரிசி குக்கரோடயே பேசிக்கலாம். அதுவும் பாட்டுப் பாடுது.

கசுமி: ஏம்மா இப்படி... தினமுமா?

நோபுயோ: தினமும்னு சொல்ல முடியாது. பனி தள்ள முடியாம உள்ளயே கெடக்கற நாள்ல. நல்லாப் பேசறாங்க கசுமி. 'தொகாஷி சாமா, காத்திருக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க'ன்னு மரியாதையா ஆரம்பிப்பாங்க. என்னைக் காத்திருக்க வெச்சதுக்கு இதுவரைக்கும் யார் மன்னிப்பு கேட்டிருக்கா? உன் மாமனார் கேட்டிருக்காரா? வீட்ல என்னென்ன இருக்கு, எப்ப எந்திரிப்பீங்க, எப்ப குளிப்பீங்க, எப்ப சமைப்பீங்க, எல்லாம் கேப்பாங்க. அக்கறையா கேப்பாங்க.

கசுமி: அது பிளான் சொல்றதுக்காகம்மா.

நோபுயோ: எதுக்காகக் கேட்டா என்ன? கேக்கறாங்க இல்ல?

கசுமி: நான் போன் பண்ணாதது தப்புதான். வேலை... இல்ல, வேலைன்னு சொல்லக் கூடாது. பண்ணியிருக்கணும்.

நோபுயோ: நான் உன்னைச் சொல்லல. ஊறுகாய் தீந்துடுச்சு பாரு. உள்ள புகைபோட்ட முள்ளங்கி இன்னொண்ணு இருக்கு, நறுக்கிட்டு வர்றேன்.

கசுமி: நான் போறேன்.

நோபுயோ: நீ உக்காரு, உனக்குக் கட்டை கட்டையா நறுக்கத்தான் தெரியும். அப்படியே அந்தக் கருப்பு அரக்குக் கிண்ணம் ரெண்டையும் சுத்தி வெச்சிருக்கேன், போறப்ப எடுத்துக்கோ.

கசுமி: அது புதுவருஷத்துக்கு வைக்கற கிண்ணமாச்சே?

நோபுயோ: எனக்கு ஒண்ணு போதும்.

கசுமி: அம்மா, போன் அடிக்குது.

நோபுயோ: விடு.

கசுமி: நான் எடுக்கறேனே.

நோபுயோ: எடுக்காத! கசுமி, விட்டுடு, அதுவே நிக்கும்...

கசுமி: ஹலோ. தொகாஷி வீடு.

போன் குரல்: வணக்கம். அடிக்கடி தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். வீட்டு மின்சாரப் பிளான் விஷயமாக் கூப்பிட்டேன், என் பேர் ஷிபாசாகி. நவோகி சாமா வந்துட்டாருங்களா?

கசுமி: யாரு?

போன் குரல்: தொகாஷி நவோகி சாமா. மீட்டர் அவர் பேர்லதான் இருக்கு. போன தடவை அம்மா பேசினப்ப வெளிய போயிருக்கார், கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடுங்கன்னு சொன்னாங்க. அதுக்கு முந்தின தடவையும்... கொஞ்சம் முன்னாடிதான் கிளம்பினார்னு... ஹலோ? கேக்குதுங்களா?

கசுமி: கேக்குது. அவர்... வெளிய போயிருக்கார்.

போன் குரல்: ஓ, இன்னிக்குமா? ரொம்ப பிசியானவர் போல. பரவால்லைங்க. அவர் இல்லாட்டியும் பிளான் மாத்த அவர் மனைவி சம்மதிச்சாப் போதும். பேசறது அவர் மனைவிங்களா?

கசுமி: நான்...

போன் குரல்: ஹலோ?

கசுமி: ஆமா... இல்ல. இப்ப நான்...

போன் குரல்: லைன் சரியா இல்லைன்னு நெனைக்கறேன். அவர் மனைவிதானேங்க?

நோபுயோ: குடு இப்படி. குடு... ஷிபாசாகி தம்பியா? ஆமாப்பா, நான்தான். இல்ல, இன்னும் வரல. பனி ஜாஸ்தி இல்ல, ரோடெல்லாம் அடைச்சுக் கெடக்கு... அதுவா? அது நம்ம வீட்டுப் பொண்ணு... உன் தொண்டை இன்னும் சரியாகலயா, கரகரன்னுதான் இருக்கு. இஞ்சி தட்டிப் போட்டுக் குடின்னு சொன்னேனே... சரி சரி. வெச்சிடறேன்... கசுமி, முள்ளங்கி எடுத்துக்கோ.

கசுமி: அவர் வெளிய போயிருக்கார்னு சொல்லியிருக்கீங்க.

நோபுயோ: நீயும் அதத்தானே சொன்னே?

கசுமி: எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

நோபுயோ: எனக்கும் முதல் தடவை அப்படித்தான். அவன் 'நவோகி சாமா இருக்காரா'ன்னு சாதாரணமாக் கேட்டான் கசுமி. இருக்கறவனக் கேக்கற மாதிரி. செத்துட்டான்னு சொன்னா 'ஐயோ, மன்னிக்கணும்'பான். அதோட முடிஞ்சிடும். வெளிய போயிருக்கான்னு சொன்னா, 'எப்ப வருவார்'னு கேக்கறான். யாராவது அப்படிக் கேக்கட்டுமேன்னு இருந்துது.

கசுமி: அம்மா...

நோபுயோ: சரி, அத விடு. அவன் மனைவியான்னு கேட்டான். அதுக்கு ஏன் நீ அவ்வளவு தெணறினே?

கசுமி: திடீர்னு கேட்டதால...

நோபுயோ: ஆமான்னு சொல்லணும். இல்லன்னா இல்லன்னு சொல்லணும். நீ ரெண்டையும் சொன்னே. முள்ளங்கிய முழுங்கிட்டுச் சொல்லு. தொண்டையில மாட்டிக்கப் போகுது.

கசுமி: நான் இன்னிக்கு அதச் சொல்லத்தான் வந்தேன். காலையிலேர்ந்து சொல்லணும் சொல்லணும்னு... ரயில்ல எப்படி ஆரம்பிக்கறதுன்னு யோசிச்சிட்டே வந்தேன். வந்தா நீங்க சோறு போட்டீங்க. அப்புறம் பலகைய எடுத்தோம். எனக்கு அது நல்லதாப் போச்சு. ஒவ்வொரு கம்பெனியாப் படிச்சிட்டே இருந்தா சொல்ல வேண்டியதில்லன்னு...

நோபுயோ: எப்ப கல்யாணம்?

கசுமி: ஏப்ரல்ல. உங்களுக்கு எப்படி...

நோபுயோ: போன ஓபோனுக்கு, செத்தவங்களுக்குப் படைக்க வந்தப்ப பின்வாசல்ல நின்னு போன் பேசினே. நான் கத்திரிக்காய் பறிச்சிட்டிருந்தேன். நீ சிரிச்சே. ஆபீஸ்காரங்களோட அப்படிச் சிரிக்க மாட்டாங்க. நவோகி உன்னை முதல் தடவை இங்க கூட்டிட்டு வந்தப்ப அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சே, அப்புறம் நான் கேக்கவே இல்ல. மறுபடி கேட்டதும் கூடைய வெச்சிட்டு உக்காந்துட்டேன்.

கசுமி: அப்பவே சொல்லியிருக்கலாமே நீங்க... கேட்டிருக்கலாமே...

நோபுயோ: நீயா சொல்லுவேன்னு இருந்தேன். பேர் என்ன?

கசுமி: இமாமுரா. பல் செட் பண்ணித் தர்ற வேலை. சொந்த ஊர் ககோஷிமா. அங்க போய் சொந்தமா ஒரு பட்டறை வைக்கப்போறார். நானும்...

நோபுயோ: ககோஷிமாவா? அது நாட்டோட அந்தக் கடைசியாச்சே. பனி தள்ளத் தெரியுமா அவனுக்கு?

கசுமி: அங்க பனியே இல்லம்மா. எரிமலைச் சாம்பல்தான் விழும்.

நோபுயோ: அப்ப சாம்பல் தள்ளட்டும். சாப்பிடுவானா?

கசுமி: நல்லா சாப்பிடுவார்.

நோபுயோ: கொறட்டை?

கசுமி: அம்மா!

நோபுயோ: நவோகி கூரை இடியற மாதிரி விடுவான். நீ பழகினவ, அதுக்குக் கேட்டேன். கரண்ட் கம்பெனி மாத்துவானா வருஷா வருஷம்?

கசுமி: மாட்டார். எந்தக் கம்பெனின்னே அவருக்குத் தெரியாது.

நோபுயோ: நல்லது. ஒரே மாதிரி ஆள ரெண்டு தடவை கட்டிக்கக் கூடாது... அழாத. கசுமி, அழாத. நான் திட்டினேனா?

கசுமி: திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். நான் நவோகிய மறக்கல. அது உங்களுக்குத் தெரியணும். மறந்துட்டுப் போறேன்னு நீங்க நெனைச்சுடக் கூடாதுன்னுதான்...

நோபுயோ: விலாங்கு மீன் கதை சொன்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். மறக்கலன்னு தெரியும். மூக்கைத் துடை. காகிதம் அங்க இருக்கு.

கசுமி: நான் வருவேன். புதுவருஷத்துக்கு, ஓபோனுக்கு...

நோபுயோ: அந்தக் கடைசியிலேர்ந்து இந்தக் கடைசிக்கா? சொல்லாத. வர முடிஞ்சா வா. வருவேன்னு சொல்லிட்டுப் போனா நான் வாசலப் பாக்க வேண்டியிருக்கும். இன்னொண்ணு. அங்க அவனுக்கு அம்மா இருக்காங்கல்ல?

கசுமி: இருக்காங்க.

நோபுயோ: இனிமே அவங்களத்தான் நீ அம்மான்னு கூப்பிடணும். என்னைக் கூப்பிடாத. அவங்க காதுல விழுந்தா சங்கடப்படுவாங்க.

கசுமி: அப்ப உங்கள என்னன்னு கூப்பிடறது?

நோபுயோ: எனக்குன்னு பேர் ஒண்ணு இருக்குல்ல?

கசுமி: நோபுயோ... சான்.

நோபுயோ: ம்.

கசுமி: நல்லா இல்ல. வாயில வர மாட்டேங்குது.

நோபுயோ: இன்னொரு தடவை சொல்லு.

கசுமி: நோபுயோ சான்.

நோபுயோ: அட. நல்லாத்தான் இருக்கு. உன் மாமனார்கூட 'ஏய்'னுதான் கூப்பிட்டார்.

கசுமி: வெளிய இருட்டிட்டு வருது. இதையாவது முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். இந்தக் கடைசி ஒண்ணு, ஊர்க் கூட்டுறவுக்காரங்க பிளான். கட்டிப்போடறது இல்ல, அபராதம் இல்ல, புள்ளி கிள்ளி ஒண்ணும் இல்ல. ரேட்டும் பரவால்ல. முப்பது ஆம்பியர்னு போட்டு, உங்க பேருக்கே மாத்திடறேன். இங்க ஒரு தடவை தொட்டாப் போதும், விண்ணப்பம் போயிடும். தொடட்டுமா?

நோபுயோ: தொடாத.

கசுமி: ஏன்? இதுலயும் ஏதாவது இருக்கா?

நோபுயோ: அதுல ஒண்ணும் இல்ல. நல்ல பிளான்தான். அங்க எடோகாவான்னு ஒரு அம்மா போன் எடுப்பாங்க, வெள்ளந்தியா பேசுவாங்க.

கசுமி: அப்புறம் என்ன? அறுபதாவே வெச்சிடலாமா? உங்களுக்கு அதுதான் மனசுக்கு நிம்மதின்னா...

நோபுயோ: வேண்டாம் கசுமி. எதுவும் வேண்டாம். மாசக் கடைசியில கட் ஆகட்டும்.

கசுமி: என்ன சொல்றீங்க? இந்தக் குளிர்ல இருட்டுல...

நோபுயோ: நான் இங்க இருக்கப் போறதில்ல. ஸ்டேஷன் பக்கத்துல நகராட்சிக்காரங்க வயசானவங்களுக்கு ஒரு கட்டடம் கட்டியிருக்காங்கல்ல, அதுல ஒரு ரூம் கெடச்சிடுச்சு. கூரைப் பனி தள்ள இனி என்னால முடியல. இந்த வருஷம் ரெண்டு தடவை ஏணியிலேர்ந்து சறுக்கினேன். உன்கிட்ட சொல்லல.

கசுமி: எப்ப... எப்ப முடிவு பண்ணீங்க?

நோபுயோ: இலை உதிர்ற காலத்துலயே. நவோகி படமும் கூட வரும். ஊதுவத்தி மட்டும் கொளுத்தக் கூடாதாம், பேட்டரியில எரியற மெழுகுவத்தி வெச்சுக்கலாம்னாங்க. அவனுக்குப் பிடிக்கும் அது. கரண்ட் வாடகையிலயே சேந்தது. எந்தக் கம்பெனின்னு நான் கேக்கக்கூட இல்ல.

கசுமி: அப்ப எதுக்கும்மா... இந்தப் பனியில அத்தனை தூரம் என்னை வரச் சொல்லி, மத்தியானம் பூரா பதினாலு கம்பெனி, ஆம்பியர், யூனிட்டுன்னு... எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு?

நோபுயோ: சும்மா வான்னா உனக்குச் சேதி சொல்ற பயம், வந்திருக்க மாட்டே. வந்தாலும் சொல்லிட்டு, ஒரு டீயக் குடிச்சிட்டு, அழுதுட்டு அடுத்த ரயிலுக்குக் கிளம்பியிருப்பே. கரண்ட் பிளான்னா ஒரு மத்தியானம் ஆகும்னு எனக்குத் தெரியும், நவோகியோட எத்தனை ஞாயித்துக்கெழமை உக்காந்திருக்கேன்... அந்த லிஸ்ட்ல ரயில்வேக்காரங்க பிளான் ஒண்ணு நீ படிக்காம விட்டுட்டே பாரு. அதையும் படி. மெதுவாப் படி.